தவிர்க்கப்பட்டது: ஒன்று

மவுஸைத் தொடக்கூடாது, கீபோர்டைத் தொடக்கூடாது, மேஜைமேல் முழங்கையைக்கூட ஊன்றக்கூடாது, ஊன்றினால் பலகை ஆடும், மவுஸ் கொஞ்சம் நகரும், திரையில் அம்பு தப்பான இடத்தில் போய் அழுத்தும், ஒரு மணி நேரச் சோதனை ரன் வீணாகும். அதனால் இரண்டு கைகளையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்பு தானாகப் போகிறது. ஒரு ஜன்னல் திறக்கிறது, நடுவில் ஒரு பட்டன், அம்பு அதைத் தொடுகிறது, பட்டன் அமுங்குகிறது, ஜன்னல் மூடுகிறது, மூலையில் பச்சை எண் ஒன்று கூடுகிறது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. மொத்தம் ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு டெஸ்ட், எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று மெஷினே பார்க்கிற சோதனைகள். அதற்குப் பிறகு கடைசியாக என்னுடையது, ஒரே டெஸ்ட், இருநூறு தடவை. இப்போது மணி இரண்டு பத்து. முடிய மூன்று மணிக்கு மேல் ஆகிவிடும். பதினேழு வருஷமாக இந்த வேலைதான். நாங்கள் எந்த நிரலையும் முழுதாகச் செய்வதில்லை, மற்ற கம்பெனிக்காரர்கள் தங்கள் நிரல்களில் வைத்துக்கொள்வதற்கு ஜன்னல், பட்டன், மெனு, கீழே இறங்கும் பட்டியல் என்று துண்டு துண்டாகச் செய்துகொடுக்கிறோம். அம்மாவிடம் ஒருமுறை கதவும் ஜன்னலும் செய்கிற பட்டறை மாதிரி என்று சொன்னேன். அப்போ வீடு கட்டுறது யாரு என்று கேட்டாள். யார் யாரோ. கட்டுகிறவர்களை எங்களுக்குத் தெரியாது, அந்த வீட்டில் குடியிருக்கிறவர்களைத் தெரியவே தெரியாது, அப்படித்தான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன், இருதயராஜ் போன் செய்கிறவரைக்கும்.

குளிர்கிறது. இந்த அறை முன்பு ஸ்டோர் ரூமாக இருந்தது, ஜன்னல் கிடையாது, மெஷின்களுக்காக ஏசியைப் பதினெட்டில் வைத்திருக்கிறார்கள், கதவில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு கண்ணாடிக் கோடு. அதன் வழியாக, கூட வேலை பார்க்கும் சேந்தனின் நாற்காலி முதுகும் அதில் தொங்கும் அவன் பையும் தெரிகின்றன. பார்க்கக்கூடாது என்று திரும்பி உட்கார்ந்தேன், திரும்பினால் திரையின் ஓரத்துக் கண்ணாடியில் அதே கோடு விழுகிறது. சாப்பிட்டவுடன் இரண்டு டீ குடித்திருக்கக்கூடாது. இப்போது எழுந்து போக முடியாது. ரன் ஓடும்போது இந்த மெஷினில் ஏதாவது அறிவிப்பு திடீரென்று எழும், அப்டேட் வேண்டுமா, பேட்டரி மாற்றவா என்று, அது எழுந்தால் அம்பு அதில் போய் மோதி டெஸ்ட் பொய்யாகத் தோற்கும், ஆள் உட்கார்ந்து எது நிஜத் தோல்வி எது பொய்த் தோல்வி என்று எழுதவேண்டும். எங்கள் குழுவைப் பார்த்துக்கொள்ளும் தனபால் சார் கொடுத்திருப்பது ஒரே ஒரு ரன். காலையில் தெளிவாகச் சொல்லிவிட்டார், நாலு மணிக்குப் புது வெர்ஷன் வெளியே போகவேண்டும், இந்த ரன்னில் பச்சை வந்தால் உங்கள் திருத்தம் உள்ளே, இல்லையென்றால் அடுத்ததில் பார்க்கலாம் என்று. அடுத்தது மூன்று மாதம் கழித்து. இருதயராஜுக்கு மூன்று மாதம் கிடையாது. திங்கட்கிழமை அவரைக் குடோனுக்கு மாற்றுகிறார்கள். இருநூற்றுப் பதினாறு. மெனு திறக்கிறது, உள்மெனு திறக்கிறது, அதற்குள் இன்னொன்று, எல்லாம் சரியாக மூடுகின்றன. பச்சை, பச்சை. காலைக் குறுக்காகப் போட்டால் கொஞ்சம் தாங்கலாம்.

இருதயராஜ் திண்டுக்கல்லில் ஒரு பார்சல் கம்பெனியில் புகார் மேஜையில் இருக்கிறார். பிறவியிலேயே கண் தெரியாது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு, காதில் போனும் இன்னொரு காதில் அந்தக் குரலுமாகப் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். ஏழு மாதத்துக்கு முன்னால் அவருடைய கம்பெனி புது நிரல் வாங்கியது, அந்த நிரலைச் செய்தவர்கள் எங்கள் பட்டியலை அதில் வைத்திருந்தார்கள். ஊர்ப் பெயர்ப் பட்டியல். அவர் கீழம்பு விசையை அழுத்தி அழுத்தி இறங்குவார், குரல் ஒவ்வொரு ஊராகச் சொல்லும், அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆபீசிலிருந்து புதுத் தகவல் ஏதாவது வந்துவிட்டால் பட்டியல் தானாக மூடித் திரும்ப வரையப்படும். மூடிய பட்டியல் இல்லாமல் போய்விட்டது, குரலோ அந்த இல்லாத பட்டியலிடம் அடுத்த ஊர் என்ன என்று கேட்கிறது, மொத்த நிரலும் அப்படியே கிராஷ் ஆகி மறைந்துவிடும். நாற்பதில் ஒரு தடவை. கண்ணால் பார்த்து வேலை செய்கிறவர்களுக்கு ஒருநாளும் வராது, அவர்கள் குரலைப் போடுவதில்லை. அதனால் அந்த ஆபீசில் அவர் மேஜையில் மட்டும் வந்தது. அவர் மட்டும்தான் எதையோ தப்பாக அழுத்துகிறார் என்று ஆயிற்று. அவர் ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். மணப்பாறை. மதுரை. மயிலாடு. அவ்வளவுதான், அந்த இடத்தில் அறுந்தது. அப்புறம் அவருடைய மூச்சுச் சத்தம். பக்கத்தில் ஒரு பெண் குரல், கோபமாகக்கூட இல்லை, அலுப்பாக, மறுபடியும் அமுக்கிட்டீங்களா சார் என்று. அவர், இல்லம்மா, நான் ஒண்ணும் பண்ணல என்று. மயிலாடு. மயிலாடு. நேற்று பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் ஏதோ ஊர் சொன்னார், சொல்லி முடிக்கிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போனில் அவர் குரல் நிதானமாக இருந்தது, மேடம் மேடம் என்றுதான் பேசினார். முதலில் நகம் தட்டுகிறதோ என்று பத்து விரலிலும் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டாராம். அதற்கும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மனைவியை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய், மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, எந்த விரல் எந்த விசைக்குப் போகிறது என்று பார்க்கச் சொன்னாராம். இரண்டு மணி நேரம் பார்த்தார்களாம், அன்றைக்கு ஒரு தடவையும் கிராஷ் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை தலைமை ஆபீஸ் தகவல் வராது, அது அவர்களுக்கு எப்படித் தெரியும். அப்போ பார்த்துக்கிட்டு ஆள் நின்னா நான் ஒழுங்கா பண்றேன் போல மேடம், என்றார். சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். நான் என்ன சொன்னேன். பார்க்கிறோம் சார் என்றேன். பார்க்கிறோம். எண்ணூற்று மூன்று. எழுத்துப் பெட்டிக்குள் யாரோ இருக்கிற மாதிரி எழுத்துகள் தானாக விழுகின்றன, அழிகின்றன, விழுகின்றன. குனிந்து பார்க்கிறேன், என் விரல்கள் சால்வைக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன, நகம் வளர்ந்து மருதாணி பாதியில் நிற்கிறது.

மருதாணி. அன்றைக்கும் மருதாணி இருந்தது. இரண்டு வருஷம் மூன்று மாதம் முன்னால், வியாழக்கிழமை, கோவில்பட்டியில் தங்கை சிவகாமிக்கு மறுநாள் வளைகாப்பு. ஐந்து மணி பஸ்ஸுக்கு டிக்கெட். அந்தப் பட்டியல் டெஸ்ட் காலையிலிருந்து ஒரு ரன்னில் பச்சை, ஒரு ரன்னில் சிவப்பு என்று விளையாடிக்கொண்டிருந்தது. சிவப்பு வந்தால் எல்லோருடைய வேலையும் நிற்கும், பதினோரு பேர் என் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், செண்பகவல்லி, என்ன ஆச்சு என்று தனபால் சார் மூன்று தடவை கேட்டுவிட்டார். அந்த டெஸ்ட்டின் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தேன், இதைத் தவிர்த்துவிடு என்று. பக்கத்தில், தற்காலிகமாக, ஊருக்குப் போய் வந்து பார்க்கிறேன் என்று. மணி மூன்று நாற்பத்திரண்டு. பஸ் ஏறினேன், சிவகாமிக்கு இரண்டு கையிலும் வளையல் அடுக்கினோம், நானும் போட்டுக்கொண்டேன், திங்கட்கிழமை ஆபீசில் டைப் பண்ணும்போதெல்லாம் வளையல் சத்தம். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். எத்தனை பேர் மறக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ரன் முடிவிலும் கடைசியில் மூன்று வரி வரும், பச்சையில் தேறியவை, சிவப்பில் தோற்றவை, சாம்பல் நிறத்தில் தவிர்க்கப்பட்டது: ஒன்று. சாம்பலை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் பார்த்தேன், அந்த ஒன்று என்னுடையது என்று ஒவ்வொரு தடவையும் தெரிந்தது, அடுத்த வாரம் எடுக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன், நினைத்தவுடன் ஒரு வேலையைச் செய்து முடித்த மாதிரி இருந்தது, அந்த நிம்மதியோடு பக்கத்தை மூடினேன். சிவகாமி மகன் பிறந்து, குப்புற விழுந்து, நடந்து, இப்போது பெரிம்மா என்று கூப்பிடுகிறான். அந்த வரி அவனைவிட இரண்டு மாதம் மூத்தது. தேடிக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு எனக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று இந்த வாரம் தெரிந்தது. ஒன்றரை நாள். பதினோரு வரி. திரையில் மூடினாலும், குரல் கேட்டு முடிக்கிறவரை பட்டியல் இல்லாமல் போகாமல் காத்திருக்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஒன்றரை நாள்.

ஆயிரத்து நூற்று ஐம்பது. கதவுக் கோட்டில் நிழல் ஒன்று கடந்து போகிறது. சேந்தனா. இல்லை, வேறு யாரோ, தண்ணீர் பாட்டிலோடு. சேந்தனுக்கு முப்பத்தொரு வயது, தர்மபுரிப் பக்கம், எங்கள் குழுவில் அவன் எழுதுகிற நிரல்தான் படிக்கவே அழகாக இருக்கும், என்னை அக்கா என்பான். ஏழு வாரத்துக்கு முன்னால் பார்சல் கம்பெனியின் புகார் வந்தபோது தனபால் சார் எல்லோரையும் கூப்பிட்டு அந்த டெஸ்ட்டைச் சுவரில் போட்டுக் காட்டினார். தவிர்த்துவிடு என்ற வரி, அதன் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர். நான் என் பெயருக்காகக் கண்ணை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேந்தன் என்று இருந்தது. போன வருஷம், எழுதிய நிரலைச் சேமித்துவைக்கும் பழைய கிடங்கிலிருந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலேயே ஒரு புதுக் கிடங்குக்கு மாற்றினோம், மாற்றும் வேலையைச் செய்தவன் அவன், அதனால் பழைய வரிகளில் பாதிக்கு அவன் பெயர் ஏறிவிட்டது. பக்கத்திலிருந்த என் குறிப்பும் அந்த மாற்றத்தில் உதிர்ந்துபோயிருந்தது. இது எனக்கு அந்த நொடியே புரிந்தது. தனபால் சார் கத்துகிறவர் இல்லை, பிரஷர் மாத்திரை போடுகிறவர், மெதுவாகத்தான் கேட்டார், இது எப்போ போட்டே சேந்தா என்று. சேந்தன் சுவரைப் பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான். ஞாபகம் இல்ல சார், நான் போட்டதா இருக்கலாம், என்றான். இருக்கலாம். அந்த இருக்கலாம் முடிந்து தனபால் சார் அடுத்த வார்த்தை பேசுகிறவரை நாலு விநாடி இருந்தது. நான் வாயைத் திறந்தேன். திறந்தது நிஜம், நாக்கில் ஏசிக் காற்றுப் பட்டது. யாரோ சமோசாத் தட்டை என் பக்கம் நீட்டினார்கள், வாங்கி அடுத்தவருக்கு நகர்த்தினேன். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம், தனியாகச் சொல்லலாம், சாரிடம் முதலில், இல்லை சேந்தனிடம் முதலில். ஏழு வாரம்.

ஜனவரியிலிருந்து புதுக் குழுவுக்கு அவன்தான் தலைவர் என்று பேச்சிருந்தது, அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று அவனிடம் சொன்னார்களாம். வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிற மேஜையில் போட்டார்கள். இருதயராஜுக்கு முதலில் போன் பேசியதும் அவன்தான், என் தப்புதான் சார் என்று சொல்லியிருக்கிறான். அந்தத் தம்பி ரொம்ப நல்லவர் மேடம் என்று இருதயராஜ் என்னிடம் சொன்னார், நான் உம் கொட்டினேன். அப்படியெல்லாம் வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்ளக்கூடாது என்று அவனைக் கண்டித்துவிட்டு, விஷயத்தை அனுபவமுள்ள ஆள் பார்க்கட்டும் என்று தனபால் சார் என்னிடம் கொடுத்தார். அனுபவமுள்ள ஆள். சேந்தன் இப்போது ஒரு பழுப்பு அட்டை நோட்டில் தான் மாற்றுகிற ஒவ்வொரு வரியையும் பேனாவால் எழுதிவைக்கிறான், தேதி, மணி, ஏன் மாற்றினேன் என்று. கம்ப்யூட்டரே எழுதிவைக்கும்போது எதுக்குடா இது என்று யாரோ கேட்டதற்கு, சும்மா என்றான். போன வாரம் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தான். சர்க்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேன்க்கா என்றான். அந்த டீயைக் குடித்தேன். வீட்டில் அவரிடம்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் சுலபமாக, சொல்லிட வேண்டியதுதானே என்பார். ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது ஆபீசுக்கு வந்து பழைய கிடங்கின் காப்பு நகலைத் தேடி எடுத்தேன். எதற்காக எடுத்தேன் என்று இப்போது இந்தக் குளிரில் உட்கார்ந்து யோசித்தால் உடம்பு கூசுகிறது, நிரூபிக்க எடுக்கவில்லை, ஒருவேளை அது சேந்தனாகவே இருந்துவிடாதா என்று பார்க்கத்தான் எடுத்தேன். செண்பகவல்லி, மூன்று நாற்பத்திரண்டு. ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்தேன், நாலு நாளாகப் பையோடு வீட்டுக்குப் போகிறது, வருகிறது.

இருதயராஜ் போன வெள்ளிக்கிழமை கேட்டது ஒன்றே ஒன்று. திருத்தம் எப்போது வரும் என்றுகூட இரண்டாவதாகத்தான் கேட்டார். மேடம், தப்பு என் விரல்ல இல்லைன்னு உங்க கம்பெனி ஒரு லெட்டர் குடுக்குமா. ரெண்டு வரி போதும். நான் எங்க மேனேஜருகிட்ட காட்டணும். அப்படிச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, எனக்கும் ஒண்ணு வேணும் மேடம், என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். எழுத்தில் எதுவும் கொடுக்க வேண்டாம், புது வெர்ஷனை அனுப்பினால் தானாகப் புரிந்துகொள்வார்கள் என்றார் தனபால் சார், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, எனக்கு நியாயம் தேவைப்பட்டது, உடனே எடுத்துக்கொண்டேன். ஆனால் இந்த ரன் சிவப்பாகிவிட்டால் வெர்ஷனும் இல்லை, லெட்டரும் இல்லை. பச்சையானால் வெர்ஷன் போகும், கிராஷ் நிற்கும், அப்புறம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள், சேந்தன் பெயர் அங்கேயே இருக்கும், நானும் இங்கேயே. பச்சை வந்தால் எனக்கு நல்லதா. இதை எப்படி நினைக்கிறேன். பச்சை வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்போதே, அது வந்தால் வாயைத் திறக்க அவசியம் இருக்காது என்று உள்ளே ஒன்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. ஆயிரத்து எண்ணூற்றுப் பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

குரல் தொடங்கிவிட்டது. மெஷினின் ஸ்பீக்கரிலிருந்து, உணர்ச்சியே இல்லாத ஆண் குரல், மணப்பாறை, மதுரை, மயிலாடு, பட்டியல் மூடுகிறது, குரல் அறுகிறது. அறுவது சரி, டெஸ்ட்டில் பட்டியலை நடுவில் மூடச் சொல்லியிருப்பதே நான்தான். பின்னாலிருக்கும் ஜன்னல் மறைகிறதா நிற்கிறதா என்பதுதான் கேள்வி. நிற்கிறது. ஒன்று. மணப்பாறை, மதுரை, மயிலாடு. நிற்கிறது. இரண்டு. ஒன்றுக்கு நாலு விநாடி. அன்று கூட்டத்தில் எனக்குக் கிடைத்த நாலு விநாடி இவ்வளவு நீளம், ஓர் ஊரிலிருந்து மூன்றாவது ஊர்வரை போகலாம், அதற்குள் நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாதா. முப்பது. நாற்பது. நாற்பதில் ஒன்று வரவேண்டும், வரவில்லை, அதனால் ஒன்றும் தெரியாது. அறுபது. எழுந்து நின்றுகொண்டேன், உட்கார முடியவில்லை, மேஜையைத் தொடாமல் சுவரோரமாக நிற்கிறேன், சுவரும் சில்லென்று இருக்கிறது. மணப்பாறை, மதுரை, மயிலாடு. தொண்ணூறு. இந்த அறையில் நான் நின்று கேட்பதை அவர் ஏழு மாதம் கேட்டார், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, ஒவ்வொரு தடவை கீழம்பை அழுத்தும்போதும் இது போய்விடுமோ என்று, போனின் அந்தப் பக்கம் யாரோ என் பார்சல் எங்கேய்யா என்று கத்த, பக்கத்து மேஜைப் பெண் திரும்பிப் பார்க்க. நூற்றுப் பதினெட்டு. மணப்பாறை, மதுரை, மயிலாடு. திரை அசையவில்லை. ஜன்னல் நிற்கிறது, ஆனால் அடுத்தது திறக்கவில்லை. எண் கூடவில்லை. ஐந்து விநாடி. ஆறு. உறைந்துவிட்டது. போய்விட்டது. கண்ணாடிக் கோட்டின் வழியாக தனபால் சார் எட்டிப் பார்க்கிறார், கையைக் காட்டி என்ன என்கிறார், நான் உள்ளங்கையைக் காட்டுகிறேன், இருங்கள் என்று. என் முதுகில் ஏதோ தளர்கிறது, அது நிம்மதி, அடக் கடவுளே, தோற்றுவிட்டதில் எனக்கு நிம்மதி வருகிறது, மூன்று மாதம் கிடைத்துவிட்டது என்று. நான் அப்படிப்பட்டவளா. மெஷின் உள்ளே எதையோ அரைக்கிறது. பதினொன்றாவது விநாடியில் ஜன்னல் திறக்கிறது. மணப்பாறை. வேறு ஏதோ வேலையில் மெஷின் மூச்சு வாங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மதுரை. நூற்றுப் பத்தொன்பது.

அந்தப் பதினொரு விநாடியில் எனக்கு வந்த நிம்மதியை என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாம்பல் நிறத்தை மாதாமாதம் பார்த்துவிட்டு மூடினேனே, இதை மூட முடியவில்லை, ஒவ்வொரு மயிலாடுவுக்கும் திரும்ப வந்து நிற்கிறது. நூற்று எழுபது. இங்கே குத்துக்கல்லாக நின்று எண் கூடுவதைப் பார்க்கும் இந்தப் பெண்தான் தினமும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், சிக்னலில் வண்டியை ஒழுங்காக நிறுத்துகிறாள், பொய் சொன்னால் மகனைக் கண்டிக்கிறாள். நூற்றுத் தொண்ணூறு. ஒன்று. இரண்டு. கடைசிப் பத்தை மூச்சோடு எண்ணுகிறேன். இருநூறு. குரல் நிற்கிறது. மூன்று வரி வருகிறது. தேறியவை, ஆயிரத்து எண்ணூற்றுப் பதின்மூன்று. தோற்றவை, பூஜ்யம். தவிர்க்கப்பட்டவை, பூஜ்யம். கதவு திறக்கிறது, தனபால் சார் தலையை நீட்டி, சூப்பர் செண்பகவல்லி, போட்டுடலாம், என்கிறார். அவர் பின்னாலேயே வெளியே வந்தேன். பாத்ரூமுக்குத்தான் முதலில் ஓடினேன், இதுவும் நடந்ததுதானே, முகம் கழுவிவிட்டு வந்து என் மேஜையில் உட்கார்ந்து இருதயராஜின் மேனேஜருக்கு மெயில் எழுதினேன். கிராஷ் எங்கள் நிரலில் இருந்த பிழையால் வந்தது, விசைகளை அழுத்தியவரிடம் எந்தத் தவறும் இல்லை, அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டிய டெஸ்ட்டை இரண்டு வருஷம் முன்பு நிறுத்திவைத்தது நான், செண்பகவல்லி. இருதயராஜுக்கு நகல், தனபால் சாருக்கு நகல். சேந்தனுக்கு நகல் என்று அவன் பெயரைப் போட்டபோதுதான் நின்றேன். மூன்று மேஜை தள்ளி உட்கார்ந்திருக்கிறவனுக்கு நகல். மெயிலை அப்படியே விட்டுவிட்டுக் கைப்பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

அவன் காதிலிருந்ததைக் கழற்றினான். பாஸ் ஆயிடுச்சாக்கா என்று கேட்டான். ஆயிடுச்சு என்றேன். நின்றபடியே சொல்லக்கூடாது என்று பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன், அந்த டெஸ்ட்டை நிறுத்தினது நான்தான் சேந்தா, கூட்டத்துலேயே எனக்குத் தெரியும், என்று சொல்லிப் பக்கத்தை அவன் முன்னால் விரித்தேன். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை, அது எனக்கே அசிங்கமாக இருந்தது. அவன் பக்கத்தை எடுத்துப் படித்தான். திருப்பிப் பின்னால் பார்த்தான், அங்கே ஒன்றும் இல்லை, மறுபடி முன்னால் படித்தான். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன், மன்னிப்பு வந்தாலும் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. இரண்டும் வரவில்லை. மெயில் போட்டாச்சா என்று கேட்டான். எழுதி வச்சிருக்கேன், உன்கிட்ட சொல்லிட்டுப் போடலாம்னு. போடுங்க, அவருக்குத் திங்கட்கிழமைக்குள்ள போகணும், என்றான். போய்ப் போட்டேன். நிமிர்ந்தபோது அவன் நாற்காலி காலியாக இருந்தது. தனபால் சார் பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார், முகம் சிவந்திருந்தது, என்னைக் கேட்காமல் எழுத்தில் கொடுத்தது தப்பு, மேலே சொல்லித்தான் ஆகவேண்டும் என்றார். சேந்தன் பெயரை எல்லோர் முன்னாலும் சரிசெய்யவேண்டும் சார் என்றேன். அதை நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க, என்றார். நாலேகாலுக்குப் பார்சல் கம்பெனி மேனேஜரிடமிருந்து ஒற்றை வரிப் பதில் வந்தது, புது வெர்ஷன் போட்டுப் பார்க்கிறவரை இருதயராஜ் அதே மேஜையில் இருப்பார் என்று. இருதயராஜ் பதில் எழுதவில்லை. எழுதவேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறேன்.

ஐந்து மணி சுமாருக்கு டீ மெஷின் முன்னால் நிற்கிறேன், கப் நிரம்பிவிட்டது, எடுக்கத் தோன்றவில்லை. சேந்தன் வந்து பக்கத்தில் நிற்கிறான். என் கப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தன் கப்பை வைக்கிறான். பொத்தானை அழுத்தவில்லை. என்னைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசுகிறான்.

"அக்கா, அன்னைக்கு மழை பெஞ்சுதா?"

"என்னைக்கு?"

"நீங்க அதை நிறுத்தின அன்னைக்கு."

யோசிக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் நின்றது, பையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டது. "இல்லியே. நல்ல வெயில்."

அவன் தலையை ஆட்டுகிறான். ஏழு வாரமாகத் தினமும் யோசித்தானாம், ஏன் அதைச் செய்தோம், எப்போது செய்தோம் என்று, மூன்றாவது வாரம் ஞாபகம் வந்துவிட்டதாம். பழைய மேஜை, வலது பக்கம் ஜன்னல், யாரோ சீக்கிரம் முடி என்றது, அந்த வரியை டைப் பண்ணினது, எல்லாம். வீட்டில் அம்மாவிடம்கூடச் சொன்னானாம், நான்தாம்மா பண்ணினேன், ஞாபகம் வந்துடுச்சு என்று.

"என் ஞாபகத்துல மழை பெய்யுதுக்கா," என்கிறான். "கண்ணாடியில தண்ணி வழியுது. இப்பவும்."

பொத்தானை அழுத்துகிறான். கப் நிரம்புகிறவரை இரண்டு பேரும் நிற்கிறோம்.